கொடையும் மகமையும்
கடைவீதி வளர்த்த கல்வி பற்றிய ஓர் ஆராய்ச்சி

புறநானூற்றில் ஆய் அண்டிரனைப் பாடும் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், அவ்வள்ளலின் ஈகையை உயர்த்திக் காட்டுவதற்கு வணிகனை எதிர்நிறுத்துகின்றார். இம்மையில் செய்த நன்மை மறுமையில் பயன் தரும் என்று கணக்கிட்டு அறத்தை விலைக்குக் கொள்பவன் வணிகன். ஆய் அத்தகையன் அல்லன் என்பது அப்பாட்டின் கருத்து. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுகின்றது. ஆயினும் ஆண்டும் முதன்மையாகப் போற்றப்படுவது, கொள்வதில் மிகாமையும் கொடுப்பதில் குறையாமையும் ஆகிய விலைநேர்மையே. கணக்குப் பார்த்துக் கொடுப்பது கொடையாகாது என்னும் எண்ணம் நம் இலக்கியத்தில் ஆழ வேரூன்றியது. இவ்வெண்ணம் நம் வரலாற்று நூல்களிலும் புகுந்துவிட்டது. கல்விக்கு உதவிய வணிகரைப் பற்றி எழுதுவோர், பெருஞ்செல்வர் சிலருடைய வாழ்க்கை வரலாறுகளை எழுதி அமைகின்றனர். கடைதோறும் நாள்தோறும் கணக்கிட்டுப் பிரித்து வைக்கப்பட்ட சிறுகாசு எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தது என்பதை அவர்கள் நோக்குவதில்லை. அச்சிறுகாசின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

அதற்குத் தென்னாட்டில் வழங்கும் பெயர் மகமை என்பது. யான் இளமையில் வாழ்ந்த சிற்றூரின் கடைவீதியில், மளிகைக் கடையார் தரும் பற்றுச்சீட்டின் அடியில் இச்சொல் அச்சிடப்பெற்றிருக்கும். அதற்கு நேரே சில காசுகள் எழுதப்பெற்றிருக்கும். ‘இது யாருக்கு?’ என்று ஒருமுறை கடைக்காரரைக் கேட்டேன். அவர் எடை போட்டுக்கொண்டே, ‘தம்பி படிக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான்’ என்றார். அன்று அவ்விடை எனக்கு வியப்பாக இருந்தது. பள்ளிக்கூடம் அரசினரால் நடத்தப்பெறுவது என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

மகமை என்பதை, பெருமை எனப் பொருள்படும் மகிமை என்னும் வடசொல்லின் திரிபாகக் கருதுவர். மகவு என்னும் தமிழ்ச்சொல்லோடு அதனை இயைத்துக் காணும் ஆசை எனக்கும் உண்டு. பிள்ளைகளுக்குச் சென்ற பணமன்றோ! ஆயின் ஆசை சான்றாகாது. ஆகவே அதனை விடுத்து மேற்செல்வோம். சொல் எவ்வாறு பிறந்ததாயினும் வழக்கம் மிகப் பழையது. இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில், 13-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் வணிகக் குழுவினரின் கல்வெட்டு ஒன்று உள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருங்குழுவைச் சார்ந்த வணிகர்கள், உப்பு, நெல், அரிசி, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், புடைவை முதலிய பண்டங்களின்மீது, பொதிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, தலைச்சுமைக்கு இவ்வளவு என்று வகுத்துக் கோயிலுக்குக் கொடுக்க இசைந்ததை அது கூறுகின்றது. இத்தகைய பகுதிப்பணம் பட்டணப்பகுடி என்று கல்வெட்டுகளில் வழங்கும். இங்கு அரசன் இட்ட வரி இல்லை. ஒரு வள்ளலின் கொடையும் இல்லை. வணிகர் கூடித் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கடமை அது. தலைச்சுமையாகக் கொணர்ந்து விற்பவனும் அதில் பங்கு கொண்டான் என்பதை நோக்குக.

ஆயினும் இடைக்காலத்துப் பகுதிப்பணத்தில் பெரும்பகுதி கோயிலைச் சேர்ந்ததேயன்றி, ஊர்ப்பிள்ளைகளின் கல்வியைச் சேர்ந்ததாகக் கூறுதற்கில்லை. திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திரன் காலத்தில் (1067) கல்லூரியும் விடுதியும் மருத்துவமனையும் இயங்கின. அவை இயங்கிய மண்டபத்தைக் கட்டுவித்தவர் ஒரு வணிகர். எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நெல்லும் பொன்னும் அளக்கப்பட்டன. இவை பெருமைக்குரிய செய்திகளே. ஆனால் ஆண்டுப் பயின்றவர் வேதமும் இலக்கணமும் கற்ற ஒரு பிரிவினர்; மண்டபம் கட்டிய வணிகரின் மகனுக்கு அம்மண்டபத்தில் இடம் இருந்ததாகக் கல்வெட்டில் இல்லை.

வணிகச் செல்வம் எல்லார்க்குமான கல்விக்குத் திரும்பியது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதன் முதற்பெருஞ் சான்றாகப் பச்சையப்ப முதலியாரைக் காட்டுவது மரபு. வறுமையில் பிறந்து, துபாசித் தொழிலாலும் வாணிகத்தாலும் பெரும்பொருள் ஈட்டிய அவர் 1794-இல் மறைந்தார். அவர் எழுதி வைத்த விருப்பாவணம், கோயில் திருப்பணிகளையும் சமய அறங்களையும் கருதியது. அப்பணம் உறவினரிடையேயும் பொறுப்பாளரிடையேயும் சிக்குண்டு, வழக்குமன்றம் ஏறி, நெடுங்காலம் கிடந்தது. இறுதியில் நீதிமன்றம் தலையிட்டு, அறங்களுக்குப் போக எஞ்சிய தொகையைக் கல்விக்கு ஆக்கலாம் என்று வகுத்தது. சென்னை அரசின் தலைமை வழக்கறிஞராய் இருந்த சார்சு நார்ட்டன் இதற்கு முன்னின்றார். 1842-ஆம் ஆண்டில் பள்ளி திறக்கப்பெற்றது. அஃது இன்றுவரை எத்தனையோ ஆயிரம் இளைஞர்க்கு வாழ்வளித்த நிறுவனமாகும்; இக்கட்டுரையாளரின் ஆசிரியர் பலர் அதில் பயின்றவரே. ஆயினும் ஒன்று கூறவேண்டும். கொடையாளர் மறைவுக்கும் பள்ளிக்கதவு திறந்ததற்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்தன. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அதற்குள் எழுத்தறியாமலே முதியவராயினர். ஒருவர் கையில் திரண்ட செல்வம் ஒருவர் உயிரோடு கட்டுண்டது. அவர் விருப்பம், அவர் உறவினர் மனம், அவர் எழுதிய ஆவணத்தின் சொற்கள் ஆகிய இத்தனையையும் கடந்தே அது பிள்ளையை அடைய வேண்டும்.

இதனோடு ஒப்பிட்டு விருதுபட்டியை நோக்குவோம். இன்று விருதுநகர் என வழங்கும் அவ்வூரின் வரலாறு மாட்டுப் பொதியிலிருந்தும் வண்டியிலிருந்தும் தொடங்குகின்றது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலிருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு முதலியவற்றைக் கொண்டு வடக்கே வந்த சிறுவணிகர், வழியில் பண்டங்களையும் மாடுகளையும் காத்துக்கொள்ள மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் நிலைகொண்டனர். இராபர்ட் ஆர்டுகிரேவ் என்னும் அமெரிக்க அறிஞர் நாடார் சமூக வரலாறு பற்றி 1969-இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்துள்ளார். பேட்டையைக் காக்கவும் பழுது பார்க்கவும் பணம் வேண்டும். அதற்காக ஒவ்வொரு வணிகரும் தம் வாணிகத்தின் அளவுக்கேற்ப ஒரு பகுதியைப் பொதுவில் செலுத்தினர். பேட்டையில் வந்து பண்டம் விற்ற பிறரும் செலுத்தினர். உறவின்முறை என்னும் ஊர்ப்பொது அவை அதனை மேற்பார்த்தது. பணத்தைத் திரட்டிக் கணக்கு வைத்தவர் முறைகாரர் எனப்பட்டார். முறை வைத்துப் பொறுப்பேற்றுப் பின்னர் மற்றொருவரிடம் ஒப்படைப்பவர் என்பதை அச்சொல்லே உணர்த்துகின்றது. ஆகவே அங்கே பணம் ஒரே கையில் உறைந்து நிற்க இடமில்லை.

காவலுக்காகத் தோன்றிய மகமை, காலப்போக்கில் ஊருணிக்கும் கோயிலுக்கும், பின்னர்ப் பள்ளிக்கும் பாய்ந்தது. 1880-களில் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை தோன்றியது. அதன் செலவுக்கு மகமைப் பணத்தோடு பிடியரிசியும் சேர்ந்தது. இல்லந்தோறும் சோறு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு கலத்தில் இட்டு வைப்பர். அது திரண்டு பள்ளிக்குச் செல்லும். கடையில் ஆடவர் செய்ததை அடுக்களையில் மகளிர் செய்தனர் என்க. கூலவாணிகன் சாத்தனார் மணிமேகலையில் பாடிய அமுதசுரபி தானே சுரப்பது. விருதுநகர்ப் பானையோ ஒவ்வொரு கைப்பிடியாக நிரம்பியது. கூலம் விற்ற புலவர் இதனைக் கண்டிருப்பின் என்ன பாடியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

அப்பள்ளி எழுந்த சூழ்நிலையையும் மறத்தல் ஆகாது. அவ்வணிகர்க்கு அக்காலத்தில் கோயில்களின் உள்ளே செல்லும் உரிமை மறுக்கப்பட்டது. கமுதிக் கோயில் நுழைவு பற்றிய வழக்கு இலண்டன் வரை சென்று 1908-இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. 1899-இல் சிவகாசி பெருங்கலவரத்தைக் கண்டது. பள்ளியின் பெயரில் நிற்கும் ‘சத்திரிய’ என்னும் சொல்லும் அவ்வுரிமைப் போரின் சுவடே. எனவே மகமைப் பள்ளி அருளால் மட்டும் பிறந்ததன்று. மறுக்கப்பட்ட மதிப்பைக் கல்வியால் பெறவேண்டும் என்னும் துடிப்பால் பிறந்தது. அத்துடிப்பு சாதியின் எல்லைக்குள் நின்றது என்பதும் உண்மை. பண்டத்தின் விலையில் மகமை கலந்திருப்பின், அதனைச் செலுத்துபவர் கடைக்காரர் மட்டும் அல்லர். பண்டம் வாங்கும் உழவரும் கூலியாளும் எச்சாதியினராயினும் அதனைச் செலுத்தியவரே. எல்லாரும் செலுத்திய பணத்திற்கு உறவின்முறை ஒன்றே கணக்குக் கேட்டது. இம்முரணை அக்கால எழுத்துகள் பேசக் காணேன். பேசப்பட வேண்டிய முரண் அது.

இவ்விடத்தில் கடல் கடந்து ஒரு கடையை நோக்குதல் பயனுடையது. இங்கிலாந்தில் இராச்டேல் என்னும் ஆலைநகரில், நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர் 28 பேர் சேர்ந்து, 1844-ஆம் ஆண்டு திசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறுகடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்சு மாவு, மெழுகுவத்தி ஆகிய ஐந்து பண்டங்களே அன்று அக்கடையில் இருந்தன. சில ஆண்டுகளில் கடைக்கு மேலே படிப்பகமும் நூலகமும் அமைந்தன; இளையோர்க்குச் சிறுகட்டணத்தில் வகுப்பு நடத்தினர். 1850-களில், ஆதாயத்தில் இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்குவது என்று விதியே செய்துகொண்டனர். இங்கிலாந்தில் தொடக்கக் கல்விக்கு அரசு முழுப்பொறுப்பேற்கத் தொடங்கிய 1870-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முந்திய செயல் இது. இந்த இராச்டேல் நெறியைப் பின்பற்றியே 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. நம் நாட்டுக் கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் அது முன்னோடி. ஆனால் கல்விநிதி என்னும் கருத்து நம் நாட்டுச் சட்டங்களில் சுருங்கிவிட்டது. பலமாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஆதாயத்தில் ஒரு விழுக்காட்டைக் கல்விநிதிக்குக் கேட்கின்றது. அந்நிதி கூட்டுறவுக் கல்விக்கு உரியதேயன்றி ஊர்ப்பிள்ளைகளின் கல்விக்கு உரியதன்று.

இராச்டேல் விதிக்கும் விருதுநகர் வழக்கத்திற்கும் உள்ள வேற்றுமை சிறியதுபோல் தோன்றும், ஆராயின் பெரிது. இராச்டேலில் ஒதுக்கியது ஆதாயத்தின் பகுதி. மகமையோ விற்பனையின் பகுதி. ஆதாயம் ஆண்டு முடிவில் கணக்கு முடித்த பின்னரே தெரியும். இழப்பு நேர்ந்தால் ஒதுக்க ஒன்றும் இராது. விற்பனைமீது நிற்கும் பகுதி, கடை திறந்திருக்கும் நாளெல்லாம் ஊறிக்கொண்டிருக்கும். வணிகருக்கு இழப்பு வந்த ஆண்டிலும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பள்ளிக் கூரை அந்த ஆண்டிலும் ஒழுகும். பருத்தியின் விலை வீழ்ந்தும் மழை பொய்த்தும் வாணிகம் ஏறி இறங்கிய கரிசல் நாட்டில், ஆதாயத்தை நம்பி ஒரு பள்ளியை நடத்துதல் அரிது. ஏட்டுக்கணக்கில் பழகிய அவ்வணிகர் இதனை உணர்ந்தே விற்பனைமீது கைவைத்தனர் என்று கருதுகின்றேன்.

நகரத்தாரும் மகமையை அறிந்தவரே. பழனி முருகனுக்கும் கடல் கடந்த ஊர்களில் எழுந்த கோயில்களுக்கும் அவர்கள் அதனை ஒதுக்கினர். ஆயின் அவர்களுடைய பெருங்கல்விப் பணிகள் பெரும்பாலும் தனிக்கொடையாகவே நிகழ்ந்தன. 1929-இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1947-இல் காரைக்குடியில் எழுந்த அழகப்பர் கல்லூரியும் அத்தகையன. கொடுத்தவர் பெயரை அவை தாங்கி நிற்றலே சான்று. விருதுநகரிலும் அதே 1947-இல் ஒரு கல்லூரி எழுந்தது. செந்திக்குமார நாடார் என்னும் தனிப்பெயரோடு விருதுநகர் இந்து நாடார் என்னும் கூட்டுப்பெயரும் அதன் முன்னே நிற்கின்றது. கொடையும் மகமையும் ஒரு பெயர்ப்பலகையில் சந்தித்த இடம் அது.

மகமைப் பள்ளியில் பயின்றோருள் நாடறிந்தவர் காமராசர். 1903-இல் பிறந்த அவர், தேங்காய் வணிகரான தந்தை குமாரசாமியை இளமையில் இழந்தார். சத்திரிய வித்தியாசாலையில் அவருக்குக் கல்வி இலவசமாகக் கிடைத்தது. ஆயினும் அவர் பள்ளியை விட்டார்; தாய்மாமன் கடையில் வேலைக்கு அமர்ந்தார். இந்நிகழ்ச்சியை வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலரும் ஒரு வரியில் கடந்து செல்வர். நம் ஆராய்ச்சிக்கோ இதுவே நடுவிடம். கடை ஒரு கையால் பள்ளியை நடத்தியது. மறுகையால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டது. சம்பளம் கேட்காத பள்ளியும், வீட்டில் ஈட்டுவோர் இல்லாத பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்ள இயலவில்லை. பள்ளியின் செலவை ஊர் ஏற்றது. பிள்ளையின் வயிற்றை வீடே ஏற்க வேண்டியிருந்தது.

1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது அவர் செய்தவற்றை இந்நோக்கில் காணல் வேண்டும். 1956-இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு முதலில் ஊராரின் உதவியால் நடந்தது. பின்னர் அரசு பத்தில் ஆறு பங்கையும் உள்ளூரார் நான்கு பங்கையும் ஏற்பது என்று வகுக்கப்பெற்றது. 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், அவ்வவ்வூர்க் கடைக்காரரும் நிலக்கிழாரும் கரும்பலகையும் நாற்காலியும் கடிகாரமும் கட்டடமும் கொடுத்தனர். அவை மாநாடுகள் என்று பெயர் பெற்றனவாயினும், உண்மையில் சாதி எல்லையை விட்டு வெளியேறிய மகமையே அவை. உறவின்முறையின் இடத்தில் ஊர் நின்றது. விருதுநகர் வழக்கம் அரசின் திட்டமாயிற்று என்று உறுதியாகக் கூற எழுத்துச் சான்று வேண்டும். ஆயினும் பிடியரிசிப் பள்ளியில் படித்த ஒருவர் இதனைச் செய்தார் என்பதைத் தற்செயல் என்று தள்ளவும் மனம் வரவில்லை. 1982-இல் சத்துணவுத் திட்டம் விரிந்தபோது செலவை அரசே ஏற்றது. ஊராரின் பங்கு மறைந்தது. பிள்ளைக்கு அது நன்மையே.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் கூறாதொழிதல் நேர்மையாகாது. மகமை ஊர்களுள் ஒன்றாகிய சிவகாசியும் அதன் சுற்றுப்புறமும் 20-ஆம் நூற்றாண்டில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்றன. அத்தொழிற்சாலைகளில் சிறுவர் சிறுமியர் வேலை செய்தனர். இவ்வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. சட்டத்திற்கு மாறாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அத்தொகை அக்குழந்தையின் நல்வாழ்வுக்கான நிதியாதல் வேண்டும் என்றும் 1996-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. தாமாக விரும்பி வாணிகத்தின்மீது பகுதி வகுத்துக்கொண்ட ஊரில், ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று நீதிமன்றம் பகுதி வகுக்க நேர்ந்தது.

இனி, அப்பணம் யாருடையது என்னும் வினா எஞ்சியுள்ளது. வட இந்தியாவில் மகமைக்கு நிகரான வழக்கம் தருமாதா எனப்படும். ஆலை நிறுவனம் ஒன்று வாங்குவோரிடம் விலைக்கு மேல் தனியே பெற்ற தருமாதாத் தொகைக்கு வருமான வரித்துறை வரி கேட்டது. அறத்திற்கென்றே குறித்து வாங்கியது வணிகரின் வருமானம் ஆகாது, அவர் அதனைச் சுமந்து செல்பவரே என்னும் கருத்துப்பட 1978-இல் உச்சநீதிமன்றம் முடிவு கூறியது. முறைகாரர் என்னும் சொல்லில் அடங்கியிருந்த பொருளைச் சட்டம் ஒருவாறு ஒப்புக்கொண்டது எனலாம்.

2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் மற்றொரு வழியை மேற்கொண்டது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர ஆதாயம் 5 கோடி உடைய நிறுவனங்கள், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி ஆதாயத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று அது விதிக்கின்றது. கல்வி அப்பணிகளுள் ஒன்று. நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தருமாறும் சட்டம் கூறுகின்றது. இன்று நாடெங்கும் கிளை பரப்பிய பெருங்கடைகள் பலவும் இச்சட்டத்தின்கீழ் அடங்குவன. அவை அமைத்துத் தரும் வகுப்பறையும் கணினியும் விளையாட்டுத் திடலும் உண்மையான உதவிகளே. அவற்றைக் குறைகூறுவார் கூற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஈண்டும் இராச்டேலைப் போல ஆதாயமே அடிப்படை. சராசரி ஆதாயம் இல்லாத நிறுவனத்திற்குக் கடமை இல்லை. உள்ளூர் எது என்பதை வரையறுப்பதும் எளிதன்று. நூறு ஊர்களில் விற்கும் கடைக்குத் தலைமை அலுவலகம் இருக்கும் நகரம் உள்ளூரா, நாள்தோறும் உப்பும் புளியும் வாங்கும் மக்கள் வாழும் சிற்றூர் உள்ளூரா? பேட்டை வணிகருக்கு இவ்வையம் எழவேயில்லை. அவர் விற்ற ஊரிலேயே அவர் பிள்ளையும் படித்தது.

யான் இளமையில் கண்ட பற்றுச்சீட்டில் மகமை என்னும் வரி, கூட்டுத்தொகைக்குச் சற்று மேலே, வாங்கியவர் கண்ணில் படும் இடத்தில் இருந்தது. பெருங்கடையின் சமூகச் செலவு பற்றிய கணக்கோ ஆண்டறிக்கையின் இணைப்பில், பங்குதாரரின் பார்வைக்கு வைக்கப்பெறுகின்றது.